ஆயிலுக்கும் காய்ச்சல் வரும்!

ஏற்காடு மலைப்பாதை. பதினான்காவது கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் அம்மா, மடியில் புளியோதரை டப்பா. முன்னால் போன பஸ் நிற்க, நானும் நிறுத்தினேன். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு மினுக் மினுக்கென்றது. அலாவுதீன் விளக்கு மாதிரி படம்.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. டெம்பரேச்சர் முள் நடுவுலதானே நிக்குது!" என்றேன் மேதாவியாக. நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை, ஆயிலின் சூட்டை அல்ல என்பது தெரியாது.

பின்னால் வந்த லாரி டிரைவர்தான் இறங்கி வந்து, "மொதல்ல ஆஃப் பண்ணு சார்!" என்று அதட்டினார். கால்மணி கழித்து டிப்ஸ்டிக்கை உருவினால், நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு. அவ்வளவுதான் ஆயில்!

ஆயில் குறைந்தால், இருக்கிற கொஞ்சமே மொத்தச் சூட்டையும் சுமக்கிறது. சூடேற ஏற ரசம் மாதிரி நீர்த்துப்போய், பிரஷர் விழுகிறது. இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தால், சீட்டுப் பணத்தில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் காரின் இன்ஜின் அம்பேல்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக், "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றினார். விடிகாலையில் ஸ்டார்ட் செய்தால் டக்டக் சத்தம். மைலேஜும் குறைந்தது. அப்புறம்தான் உறை பிரிக்காத மேனுவலைத் தேடி எடுத்தேன். அதில் 5டபிள்யூ-30!

டபிள்யூ என்றால் 'வெயிட்' என்றே நினைத்திருந்தேன். 'வின்ட்டர்' ஐயா! முன் எண், குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. அது சிறியதாக இருந்தால், ஸ்டார்ட் செய்ததும் சட்டென்று மேலே போய்ச் சேரும். பின் எண், 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் இன்ஜினுக்குள் ஆயில் சாதாரணமாகவே 90-லிருந்து 110 டிகிரி வரை இருக்கும். 130-ஐத் தாண்டினால் மினரல் ஆயில் வேகமாகக் கெடும். சிந்தெடிக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

சூடு ஏறாவிட்டாலும் தொல்லை. தினம் 2 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் (என்னுடையது அந்த ரகம்) ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

இப்போது மேனுவல் சொன்னதைத்தான் ஊற்றுகிறேன். மாதம் இரு முறை டிப்ஸ்டிக் தரிசனம். மெக்கானிக்குக் கொஞ்சம் வருத்தம்.

அம்மா மட்டும் வண்டி கிளம்பியதும் முன்னால் எட்டிப் பார்த்து, "அந்த அலாவுதீன் எரியலையேடா?" என்கிறாள்.