மனச்சோர்வும் நரம்பியக்கடத்திகளும்

மனச்சோர்வு என்பது நீடித்த துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கோளாறு, தற்கொலை எண்ணம் முதலிய அறிகுறிகளைக் கொண்ட உளநோய் ஆகும். மூளையில் செரோடோனின், நோர்எபிநெப்ரின் போன்ற நரம்பியக்கடத்திகள் குறைவதே இதற்குக் காரணம் என்னும் கருத்து மோனோஅமைன் கருதுகோள் எனப்படுகிறது.

நரம்பியக்கடத்திகளின் பணி

பெரும்பாலான நரம்பணுக்களுக்கு இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு நரம்பணு வெளியிடும் வேதிப்பொருள் அதைக் கடந்து, அடுத்த நரம்பணுவின் ஏற்பிகளில் ஒட்டிச் செய்தியைச் சேர்க்கிறது. பின்னர் அது வெளியிட்ட அணுவாலேயே மீண்டும் உறிஞ்சப்படுகிறது அல்லது நொதிகளால் சிதைக்கப்படுகிறது.

வரலாறு

1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்ட காசநோயாளிகள் பலர் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் அடைந்தனர். மோனோஅமைன்களைச் சிதைக்கும் நொதியை இம்மருந்து தடுப்பது அறியப்பட்டது. மாறாக, சர்ப்பகந்தா செடியிலிருந்து பெறப்படும் ரெசர்பின், மோனோஅமைன்களைக் குறைப்பது; இரத்த அழுத்தத்துக்காக அதை உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டதாகக் கூறப்பட்டது. இவற்றின் அடிப்படையில் 1965-இல் ஜோசப் சில்ட்கிராட் நோர்எபிநெப்ரின் குறைவையும், 1967-இல் அலெக் கொப்பன் செரோடோனின் குறைவையும் வலியுறுத்தினர். செரோடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஃபுளூவாக்செட்டின் மருந்துக்கு அமெரிக்கா 1987-இல் ஒப்புதல் அளித்தது.

கருதுகோளின் குறைபாடு

இம்மருந்துகள் சில மணி நேரத்திலேயே செரோடோனின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. ஆனால் நோய் தணியப் பல வாரங்கள் ஆகின்றன. குறைவை ஈடுசெய்வதுதான் மருந்தின் வேலை என்றால் இத்தாமதம் இருக்கக் கூடாது. ஏற்பிகளும் நரம்பணு இணைப்புகளும் மெல்ல மாறுவதே காரணம் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2022-இல் வெளியான ஒரு விரிவான மீளாய்வு, செரோடோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது.

இதனால் மருந்துகள் பயனற்றவை என்று ஆகாது. 522 சோதனைகளைத் தொகுத்த 2018 ஆம் ஆண்டின் ஆய்வில், 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பயன் தந்தன. இருமல் மருந்தால் இருமல் அடங்குகிறது என்பதற்காக, உடலில் இருமல் மருந்து குறைந்ததால் இருமல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மரபு, இழப்பு, வறுமை, நீடித்த மன அழுத்தம், உடல்நோய் எனப் பல காரணங்கள் சேர்ந்தே மனச்சோர்வு உண்டாகிறது.

சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் முதலில் தோன்றும். பயன் பின்னரே தெரியும். இதனால் பலர் இடையிலேயே மருந்தைக் கைவிடுகின்றனர். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், உறக்கமின்மை ஏற்படலாம். எனவே மருத்துவரின் ஆலோசனைப்படி அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இளம் வயதினரைத் தொடக்க வாரங்களில் குடும்பத்தார் உடனிருந்து கவனிப்பது அவசியம். உளவியல் சிகிச்சையும் பயனளிக்கும். கடுமையான நிலையில் இரண்டும் சேர்த்து அளிக்கப்படுகின்றன.