பட்டம் வாங்கிய பின் ஓராண்டு அப்ரண்டிஸ்

அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நேர்காணல் நடந்தபோது கூட உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் மெக்கானிக்கல் படித்தவர்கள். "ட்ரெயினிங்ல என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் கம்பெனி பெயரையும் தேதியையும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்த ஒரு பெண் மட்டும் இப்படிச் சொன்னார்: "ஷாஃப்டோட விட்டம் மதியத்துக்கு மேல கூடிக்கிட்டே போச்சு சார். மணிக்கு ஒரு தடவை மைக்ரோமீட்டர்ல அளந்து எழுதினேன். பார்த்தா வெட்டுற டூலோட இன்சர்ட் தேய்ஞ்சிருந்தது. எத்தனை பீஸுக்கு ஒருமுறை மாத்தணும்னு மெஷின்லயே எழுதி ஒட்டினோம்."

வேலை அவருக்குத்தான். அவருடைய மதிப்பெண் என்ன என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

புதிதாக ஒருவரை எடுக்கும் முதலாளிக்கு இருக்கும் பயம் ஒன்றுதான்: கற்றுக்கொடுக்கச் செலவழிக்கும் மாதங்கள் வீணாகிவிடுமோ? ஷிப்டுக்கு நேரத்தில் வருவது, தெரியாததைக் கேட்பது, செய்த தப்பை மறைக்காமல் சொல்வது, இதையெல்லாம் மதிப்பெண் பட்டியல் காட்டாது. கூடவே இருந்து பார்த்த சூப்பர்வைசரிடம் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

அப்ரண்டிஸ் பயிற்சிக்கென்று சட்டமே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பிறகு மற்றப் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 2019-இல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. 'நாட்ஸ்' என்ற தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. அதை நடத்தும் தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்யலாம். முடித்தால் கிடைக்கும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதியலாம்.

வாடகை கொடுத்துத் தங்குகிற பிள்ளைக்கு இந்தத் தொகை பற்றாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்காக, காசு கட்டினால் இரண்டு வாரத்தில் கிடைக்கும் 'இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் பக்கம் போகாதீர்கள். பயிற்சிக்கு உங்களிடம் பணம் கேட்கிற இடத்தில் உங்களுக்குத் தர வேலை இருக்காது.

அப்ரண்டிஸ் என்பவர் சட்டப்படி பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல. முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றது. அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று. ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ பயிற்சி அல்லது பணி அனுபவம் இருந்தால் நாட்ஸில் இடம் கிடையாது. ஆகவே கிடைத்த முதல் இடத்தில் சேர்ந்துவிடாமல், முன்பு அங்கே இருந்த அப்ரண்டிஸ் ஒருவரைத் தேடிப்பிடித்து, மெஷினைத் தொடவிட்டார்களா, இல்லை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.