'லகான்' கிராமமும் எமது மேடைகளும்

2001இல் வெளிவந்த 'லகான்' ஹிந்தித் திரைப்படத்தின் கதை 1893இல் நடக்கிறது. மழை பொய்த்த சம்பானேர் கிராமத்தவர், மூன்று வருட வரியைப் பந்தயமாக வைத்து வெள்ளை அதிகாரிகளுடன் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்த அணியிலுள்ள முஸ்லிம், இஸ்மாயில். தொழில் மண்பாண்டம் வனைதல். கிண்ணியாவிலும் மூதூரிலும் வயலையும் கடலையும் நம்பி எத்தனையோ முஸ்லிம்கள் வாழ, நான் பார்த்த நாடகங்களில் எம்மவர் கடை முதலாளியாகவே வந்துபோவார். ஆதலால் இந்தக் குயவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கச்ராவைக் கவனியுங்கள். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர். ஊனமுற்ற கையால் பந்தைச் சுழற்றுபவர். அவரைச் சேர்த்தால் ஆடமாட்டோம் என ஊரார் மறுக்கும்போது வாதாடுபவர் கதாநாயகன் புவன். கச்ரா தனக்காகப் பேசுவதில்லை. ஊருக்குள் யாருடைய நிலத்தை யார் உழுதார், யார் யாரிடம் கடன்பட்டார் என்பதற்குள்ளும் படம் போகவில்லை. வரி கேட்பவன் வெளியாள் என்பதால், உள்ளே எல்லோரும் ஒன்றுதான் என்றாகிவிடுகிறது.

கலாசாலையில் எமது ஆசிரிய மாணவர்கள் எழுதும் கிராமிய நாடகங்களும் இப்படித்தான். முஸ்லிம் ஒருவர், தமிழர் ஒருவர், சிங்களவர் ஒருவர் எனப் பெயர் போட்டதும் பன்மைத்துவம் வந்துவிட்டதாம். இதில் குத்தகைக்கு வயல் செய்பவர் யார், கூலிக்குக் கரைவலை இழுப்பவர் யார் என்று கேட்டால், பேனையை மூடிவிட்டு என்னையே பார்க்கிறார்கள்.