யானைக்கு ஏன் எங்கள் தோட்டம்?

வன்னியின் மீள்குடியேறிய கிராமங்களில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "காட்டில இல்லாத சாப்பாடா? யானை ஏன் இஞ்ச வருது?" விடை அதன் உடலின் அளவில் இருக்கிறது.

உடல் பெருக்கப் பெருக்க, ஒரு கிலோகிராம் எடைக்குத் தேவைப்படும் சக்தி குறைகிறது. 1932இல் மக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி இதைக் கணக்கிட்டுக் காட்டினார். எலி சத்துள்ள தானியத்தைத் தேடவேண்டும்; யானையோ புல்லிலும் மரப்பட்டையிலும் உயிர்வாழும். ஆனால் உண்பதில் பாதிக்கும் மேல் செரிக்காமல் வெளியேறுவதால், நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோகிராம் வேண்டும். அதற்குப் பெரிய நிலம் வேண்டும். ஒரே இடத்தில் செறிந்து விளையும் நெல்லும் வாழையும் அதற்கு இலகுவான உணவு.

நாங்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் வயல்கள் பற்றைக்காடாகின. பற்றைக்காடு யானைக்கு நல்ல மேய்ச்சல் நிலம். பேருடல் நீண்ட ஆயுளையும் தருகிறது; யானை 60 ஆண்டுகள் வரை வாழும். பழகிய நிலத்தை அது இலகுவில் கைவிடாது. எங்களுக்கு அது திரும்பிக் கிடைத்த காணி. யானைக்கோ பழகிய மேய்ச்சல் நிலம்.

பெரிய உடலுக்கு இன்னொரு விலையும் உண்டு. எலி மூன்று வாரத்தில் பல குட்டிகள் ஈனும். யானை ஏறக்குறைய 22 மாதங்கள் ஒரு கன்றைச் சுமக்கும். அடுத்ததற்குப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் செல்லும். 2023இல் மட்டும் இலங்கையில் 400இற்கும் மேற்பட்ட யானைகளும் 150இற்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தனர். யானையின் இழப்பு விரைவில் ஈடாகாது. மனித இழப்புக்கு ஈடே இல்லை.

யானையை விரட்டினால் பசி அதை மீண்டும் கொண்டுவரும். எனவே காட்டின் எல்லையில் மட்டுமன்றி, ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி வேண்டும் எனக் கேட்பதே எங்கள் உயிருக்கும் விளைச்சலுக்கும் பாதுகாப்பு.