அச்சமும் விதியும்: மாத்தளைக் களத்துக்குரிய பாத்திரமேற்பு ஆட்டம் பற்றிய ஒரு நோக்கு

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒருவர் களத்தை விரிக்க, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேச்சினாலேயே கதையை வளர்த்துச் செல்வது பாத்திரமேற்பு ஆட்டமாகும். இக்கட்டான கட்டங்களில் வெற்றி தோல்வியைப் பகடையும் முன்னரே வகுக்கப்பட்ட விதிகளும் தீர்மானிக்கும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முன்னோடி. இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் எளிது. ஆயின், எதனை எண்ணுவது, எதற்குப் பரிசளிப்பது என விதிகள் முடிவுசெய்யும்போதே ஓர் உலகநோக்கும் உடன் நுழைந்துவிடுகின்றது. கோதிக் அச்சக்கதை ஒன்றை மாத்தளையிலே நிகழ்த்துவதாயின் எவ்விதிமுறை பொருந்தும் என்பதை இந்நோக்கில் ஆராய்வோம்.

கோதிக் புனைகதை 1764இல் ஹொறஸ் வால்போலின் 'ஒற்றான்ரோ கோட்டை'யுடன் தொடங்குவதாகக் கொள்ளப்படும். பாழடைந்த மாளிகை, பரம்பரைப் பழி, புதைத்தும் அடங்காத கடந்தகாலம் என்பன அதன் கூறுகள். நிலமானியத்தின் எச்சங்கள் பற்றிய அச்சம் அவற்றில் உருவம் பெற்றது. மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சும் இரத்தக்காட்டேரியாக மார்க்ஸ் 1867இல் உருவகித்தபோது, அவ்வச்சத்தின் முகவரி மாறிவிட்டது எனலாம்.

1880ஐ அண்டிய மாத்தளை இத்தகைய களத்துக்கு மிகவும் ஏற்றது. 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. புகையிரதம் 1880இல் மாத்தளையை வந்தடைந்தது. அதற்கு முன்னைய பல தசாப்தங்களில் தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தவரின் காணிகளைத் தோட்டங்களுக்கு வழிவிடச் செய்தது. புதிய வரிகளுக்கு எதிரான 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் மையமும் மாத்தளையே. அதன் தலைவருள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். பழி சுமந்த மாளிகையை இங்கு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. துரையின் பங்களாவே அது.

இனி விதிமுறைகளை நோக்குவோம். 1983இல் ட்ரேசி ஹிக்மன், லோறா ஹிக்மன் ஆகியோர் ஆக்கிய 'ரேவன்லோஃப்ட்', இரத்தக்காட்டேரிப் பிரபு ஒருவனின் கோட்டையை டன்ஜன்ஸ் விதிகளுக்குள் கொணர்ந்தது. அவ்விதிகளில் எதிரியைக் கொல்வதும் செல்வம் சேர்ப்பதும் பாத்திரத்தை வலுப்படுத்துவன. வெளியிலிருந்து வந்து கொன்று பொருள்கொண்டு மீளும் வீரன், மாத்தளைச் சூழலில், தோட்டந் திறக்க வந்த துரைக்கே நெருங்கியவன். லயத்தில் வாழ்பவருக்கு அவ்வாறு வலுப்பெறும் வாய்ப்பே இல்லை.

2005இல் வெளிவந்த 'டிரெட்' பகடையை அறவே நீக்கியது. அடுக்கிய மரக்கட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக உருவவேண்டும். அடுக்கு சரிந்தால், சரித்தவரின் பாத்திரம் கதையிலிருந்து நீங்கும். மன்னார் நடைப்பயணத்தின் பதற்றத்துக்கு இது நன்கு பொருந்தும். ஆயினும் ஓரிரவுக் கதைக்கன்றி, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் அவலத்துக்கு இது போதாது.

சான்டி பீற்றர்சன் 1981இல் ஆக்கிய 'கோல் ஒஃப் க்துல்ஹு' நூற்றுவீத முறையில் அமைந்தது. பாத்திரங்கள் எளிய மனிதர். கோரத்தைக் காணுந்தோறும் அவர்களது மனத்தெளிவைக் குறிக்கும் எண் குறையும். கோரத்தின் மறைபொருளை அறிய அறிய அவ்வெண்ணின் உச்சவரம்பே தாழ்ந்துவிடும். உண்மையை அறிதல் பைத்தியத்துக்கு இட்டுச் செல்லும் என்பதே இதன் உட்கிடை. இவ்வாட்டத்தின் மூலக்கதைகளை எழுதிய லவ்கிராஃப்டுக்குப் புலம்பெயர்ந்தோர் அச்சத்தின் வடிவமாயினர். மாத்தளையில் புலம்பெயர்ந்தோரே கதைமாந்தர்.

எனினும் இவ்விதிமுறையையே நாம் தெரிவோம். ஆனால் இரு திருத்தங்களுடன். முதலாவது, மனத்தெளிவோடு கடனும் எண்ணப்பட வேண்டும். கங்காணியினதும் அவரது ஆட்களினதும் கடனைக் குறித்த 'துண்டு' 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடன் தீராது வேறு தோட்டத்துக்குப் போகவியலாது. இவ்வாட்டத்தின் ஏழாம் பதிப்பில் (2014) பாத்திரத்தின் செல்வநிலையைக் காட்டும் எண் ஒன்று உண்டு. அதனைத் தலைகீழாக்கிக் குழுவுக்குப் பொதுவான கடனாகக் கொள்ளலாம். ஒருவர் இறந்தாலும் அவ்வெண் குறையாதென விதிப்போமாயின், பேயைவிடக் கணக்கேடே அஞ்சத்தக்கதென்பதை ஆடுவோர் உணர்வர். இரண்டாவது, அறிவு பற்றிய விதி மாறவேண்டும். தனித்து அறிபவர் உடையலாம்; அறிந்ததைக் குழுவுடன் பகிர்பவர் இழந்த தெளிவை மீளப்பெறவேண்டும்.

இங்கே பேய்களுக்கு இடமுண்டா? உண்டு. மலையகத் தொழிலாளர் தொழிற்சாலை இயந்திரத்தின் காவலாக ரோதமுனியை வணங்கினர். கைகளை விழுங்கக்கூடிய சக்கரத்தைத் தெய்வமாக்கிய அக்கற்பனையில் மூடநம்பிக்கையை மட்டுங் காண்பது குறைநோக்காகும். தம்மை ஆளும் ஆற்றல் எங்கே உறைகின்றது என்பதை அவர்கள் சரியாகவே இனங்கண்டிருந்தனர். அந்த அறிவுக்கு மதிப்பெண் அளிக்கும் விதிமுறையே மாத்தளைக்கு உரியது.