சென்ட்ரலுக்கு மூத்த ஸ்டேஷன்: ராயபுரம்

போன மாசம் டெல்லிக்குக் கிளம்பினேன். கல்மண்டபத்துல ஆட்டோ பிடிக்கும்போது எங்க ஆயா கேட்டாங்க: "நடக்குற தூரத்துல ஸ்டேஷன வெச்சிக்கினு இன்னாத்துக்குடா சென்ட்ரலுக்கு ஓடுற?"

சிரிச்சுட்டு ஏறிட்டேன். ராயபுரத்துல எக்ஸ்பிரஸ் எங்க நிக்குது? கடற்கரையிலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போற மின்சார ரயில் வரும். காசிமேட்டு மீனோட அன்னக்கூடைகளும் ஏறும். அரை நிமிஷம் நின்னுட்டுக் கிளம்பிடும். ஆனா ஆயாவோட கேள்வியை 1856-ல கேட்டிருந்தா, அதுதான் சரியான கேள்வி. அப்போ ஊரை விட்டு ரயில்ல போகணும்னா ராயபுரம்தான். சென்ட்ரலே கிடையாது.

1856 ஜூலை 1. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்புச்சு. கவர்னர் ஹாரிஸ் பிரபு அதுல போனார். போன இடம் வாலாஜா ரோடு, சுமார் 105 கிலோமீட்டர். மதராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை அது.

ஏன் ராயபுரம்? அன்னைக்கு மெட்ராஸ்ல துறைமுகமே இல்லை. கப்பல்கள் கடலுக்குள்ளயே நிக்கும். மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். சரக்கு இறங்குற கரை, வியாபாரிகள் இருந்த கருப்பர் நகரம் (இப்போ ஜார்ஜ் டவுன்), கோட்டை, எல்லாமே ராயபுரத்துக்குப் பக்கம். ரயில் அங்க வராம வேற எங்க வரும்?

அந்த சரக்குதான் பயணிகளை வெளியே தள்ளுச்சு. நெரிசலைக் குறைக்க 1873-ல பார்க் டவுன்ல இரண்டாவது முனையம் கட்டினாங்க. அதுதான் சென்ட்ரல். பிறகு துறைமுகம் வந்து வளர, ராயபுரத்தைச் சுத்தி சரக்குத் தண்டவாளங்கள் பெருகுச்சு. 1907-ல சென்ட்ரல் முதன்மை முனையமாச்சு. 1922-ல ரயில்வே தலைமை அலுவலகமும் சென்ட்ரல் பக்கம் போயிடுச்சு.

டோக்கியோவுலயும் இதே கதைதான். 1872-ல ஜப்பானோட முதல் ரயில் பாதை ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ஓடுச்சு. 1914-ல டோக்கியோ ஸ்டேஷன் திறந்ததும், பழைய ஷிம்பாஷியை சரக்கு ஸ்டேஷன் ஆக்கிட்டாங்க. 1923 நிலநடுக்கத்துல கட்டடமும் போச்சு. இப்போ அங்க நிக்கிறது அதே இடத்துல திரும்பக் கட்டின ஒரு காட்சிக்கூடம். ரயில் வராது.

நம்ம ராயபுரம் அதைவிட 16 வருஷம் மூத்தது. உயரமான கொரிந்தியத் தூண்களோட அந்தக் கட்டடம் இன்னும் நிக்குது, பக்கத்துல ரயிலும் வருது. 1853-ல முதல் ரயில் ஓடின மும்பை போரிபந்தர், தானேவோட பழைய கட்டடங்கள் இல்லாததால, இந்தியாவுல மிஞ்சியிருக்கிறதுலேயே பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான். ரொம்ப காலம் பாழடைஞ்சு கிடந்து, 2005-ல புதுப்பிச்சாங்க.

ராயபுரத்தைத் திரும்ப முனையமாக்கணும்னு வடசென்னையில ரொம்ப நாளா கேட்கறாங்க. நியாயமான ஆசை. ஆனா போர்டு மாட்டினா முனையம் ஆகிடாது. இருபதுக்கும் மேல கோச் நிக்க நீளமான நடைமேடை வேணும். ரயிலைக் கழுவ, அடியில இறங்கிப் பார்க்க பிட் லைன் வேணும். பெட்டி படுக்கையோட வர்றவங்களுக்கு ரோடு வேணும். கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ஆட்டோ ஊர்ந்து போற நம்ம ரோடு தாங்குமா? தாங்கணும்னா முதல்ல ரோட்டைத்தான் சரி பண்ணணும். இன்னொரு பயமும் இருக்கு: விரிவாக்கம்னு சொல்லி அந்தப் பழைய கட்டடத்துல கை வெச்சுடக் கூடாது. முனையமே வராட்டியும் அது நிக்கணும், என்னைக் கேட்டா.

சரி, அன்னைக்கு சென்ட்ரலுக்கு மூச்சு வாங்க ஓடி, நாலு நிமிஷம் மிச்சம் வெச்சுப் போய்ச் சேர்ந்தேன். என் கோச் முன்பக்கம். ஏறுறதுக்கு முன்னாடி எஞ்சினைப் பார்த்தேன். டெல்லி வரைக்கும் இழுக்குற டபிள்யூஏபி-7. ஒவ்வொரு எஞ்சின் மேலயும் அதோட ஷெட் பேரை எழுதியிருப்பாங்க. இதுல எழுதியிருந்தது: ராயபுரம். அதுவும் என்னை மாதிரி, வீட்டுலருந்து சென்ட்ரலுக்கு வந்து கிளம்புது.