கரண்ட் போனால் எந்த வீட்டில் எது நிற்கும்?

ராமேஸ்வரத்தில் கரண்ட் போனால் கோயிலைச் சுற்றியுள்ள பெரிய லாட்ஜ்களில் உடனே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மாடி வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரையை ஒட்டிய ஓலை வீடுகளில் செல்போன் டார்ச்தான், அதுவும் சார்ஜ் தீரும்வரை. மின்வாரியக் கணக்கில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே மின்தடை.

இந்தக் கரையில் மின்தடைக்கான காரணங்களுக்குக் குறைவில்லை. உப்புக் காற்று கம்பியை அரிக்கும். கம்பத்துப் பீங்கான்களில் படிந்த உப்பு லேசான தூறலில் நனைந்தாலே மின்கசிவு வரும். புயல் நெருங்கினால் ஆபத்தைத் தவிர்க்க வாரியமே மின்சாரத்தை நிறுத்தும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அப்படித் தண்ணீர் புகுந்த வீட்டில், தெருவுக்குக் கரண்ட் வந்தபிறகும் ஈரச் சுவரில் சுவிட்சைத் தொடப் பயப்பட வேண்டியிருக்கிறது.

மின்தடையின் பாரம் பெண்கள்மேல்தான் அதிகம் விழுகிறது. தண்ணீருக்காகப் பெண்கள் ஐந்தாறு குடங்களை ஏற்றித் தள்ளிப்போகும் சின்னச் சக்கர வண்டிகளை இந்த மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். நீரேற்றும் மோட்டார் நின்றால் தெருக்குழாயும் நிற்கும். மாடித்தொட்டி உள்ள வீடு ஒரு நாள் தாங்கும். வண்டி தள்ளுகிறவர் குழாயடியில் காத்திருக்க வேண்டும். அவர் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர் என்றால் அன்றைய வருமானமும் போயிற்று. சர்க்கரை நோயுள்ள முதியவர் வீட்டில் கவலை ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினைப் பற்றியது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்தை வைத்தால் ஓரளவு சூடேறாமல் காக்கலாம் என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

அரிக்கேன் விளக்கும் கைவிட்டுப் போய்விட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய் சுருங்கிய அளவுக்கு ஏழை வீடுகளில் மாற்று விளக்கு வந்து சேரவில்லை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். நாலைந்து ஆண்டுகளில் பேட்டரியை மறுபடி மாற்ற வேண்டும். கடலுக்குப் போனால்தான் காசு என்ற குடும்பம் அதை எப்படி வாங்கும்?

யாருக்கு இருட்டு என்பதை அரசே தீர்மானித்த காலமும் உண்டு. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் அது பத்து மணி நேரத்தைத் தாண்டியது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குத் திரும்பிய மீனவக் குடும்பங்கள், அரை நூற்றாண்டு கடந்தும் மின்கம்பியைக் காணவில்லை. இதே மாவட்டத்தில்தான் 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அந்த வெயிலில் கொஞ்சம் இந்தக் குடிசைகளுக்கும் விளக்காகியிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் மீனவர்களுக்குத் தகவல் போகிறது. அதே நேரத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், ஃபிரிட்ஜ் மருந்தை நம்பியிருப்பவர்கள் என வார்டுவாரியான பட்டியல் கிராம செவிலியர் கையில் இருக்க வேண்டும். புயல் பாதுகாப்பு மையத்தில் ஜெனரேட்டருக்கு டீசல், செல்போன் சார்ஜ் போட இடம், மருந்துக்கு ஒரு ஃபிரிட்ஜ், இந்த மூன்றையும் ஐப்பசி பிறக்கும் முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.